சில்வர் கார்ட்ரிட்ஜுக்குப் புது பேட்டரி, கோல்பாட்டுக்கு நான்கு இறக்கை

போக்கிமான் என்ற பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் வீடியோ கேம், போக்கிமான் சில்வர். பழைய பொருளாக வாங்கிய அதன் கார்ட்ரிட்ஜ் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. ஸ்டிக்கரின் ஓரம் கொஞ்சம் உரிந்திருந்தது, அவ்வளவுதான். கேம் பாய் கலர் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் செருகியதும் முந்தைய சொந்தக்காரரின் ஆட்டம் அப்படியே திறந்தது. சாம்பியனை வென்று, கான்ட்டோ பகுதிக்குள் நுழைந்து, மவுன்ட் மூன் வரை போயிருக்கிறார். பிடித்த போக்கிமான்களைச் சேர்த்துவைக்கும் பெட்டிகளைப் புரட்டிப் பார்த்தேன். 34ஆம் லெவலில் கோல்பாட் என்ற வௌவால் போக்கிமான் ஒன்று பிடித்த நிலையிலேயே கிடந்தது. ஆட்டத்துக்குள் இருக்கும் போக்கிகியர் என்ற கருவியில் கடிகாரத்தைப் பார்த்தால் அது நின்றுவிட்டது. எப்போது இயக்கினாலும் அதே கிழமை, அதே நேரம்.

அந்த கோல்பாட்டை அதன் அடுத்த நிலையான குரோபாட்டாக மாற்ற வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். அதற்கு முதலில் கார்ட்ரிட்ஜின் பேட்டரியை மாற்றியாக வேண்டும்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஜப்பானில் 1996இல் வந்த முதல் ஆட்டங்களில் இந்த வௌவால் வரிசையில் ஜூபாட்டும் அது வளர்ந்து ஆகும் கோல்பாட்டும் மட்டும்தான் உண்டு. குகைக்குள் நாலு அடி வைத்தால் ஒரு ஜூபாட் வந்து நிற்கும். எல்லோரும் அதைத் தொல்லையாகவே பார்த்தார்கள். கோல்பாட் ஆன பிறகும் பெரிய பலன் இல்லை. 1999 நவம்பரில் ஜப்பானில் கோல்டும் சில்வரும் வந்தபோது ஆட்டத்தை உருவாக்கும் கேம் ஃப்ரீக் நிறுவனம் இந்த வரிசைக்கு மூன்றாவது நிலை ஒன்றைக் கொடுத்தது. 169ஆம் எண் கொண்ட குரோபாட். கால்கள் இருந்த இடத்திலும் இறக்கை முளைத்து, மொத்தம் நான்கு. கோல்பாட்டின் அடிப்படை வேகம் 90, குரோபாட்டுக்கு 130. யாரும் மதிக்காத பிராணியை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோன வடிவமைப்பாளர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அந்த நிலைக்குப் போக லெவல் மட்டும் போதாது, வேறு சில போக்கிமான்களை மாற்றும் கல்லும் இதற்குக் கிடையாது. கோல்பாட் நம்மிடம் அன்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு போக்கிமானுக்கும் உள்ளே மறைவாக ஒரு நட்பு எண் ஓடுகிறது. அதிகபட்சம் 255. பிடிக்கும்போது 70. அது 220ஐத் தொட்ட பிறகு லெவல் ஏறினால் கோல்பாட் குரோபாட் ஆகும். புதிய ஆட்டங்களில் 160 போதும் என்று குறைத்துவிட்டார்கள். எனக்குப் பழைய 220தான் பிடித்திருக்கிறது.

சும்மா நடந்தே அதை எட்டலாம். இந்தத் தலைமுறை ஆட்டங்களில் 512 அடிக்கு ஒரு புள்ளி. 70இலிருந்து 220க்கு 150 புள்ளி, அதாவது 76,800 அடி. முடியாதது இல்லை, ஆனால் ஆட்டம் வைத்திருக்கும் அழகான வழிகள் வேறு. அவை எல்லாமே கடிகாரத்தை நம்பி இருப்பவை. கோல்டன்ராட் நகரின் சுரங்கப் பாதையில் முடி திருத்தும் சகோதரர்கள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் செவ்வாய், வியாழன், சனி. தம்பி ஞாயிறு, புதன், வெள்ளி. பேலட் டவுனில், முதல் ஆட்டங்களில் நம் எதிராளியாக வந்த ப்ளூவின் அக்கா டெய்ஸி மதியம் மூன்று மணியிலிருந்து நான்கு மணிக்குள் போனால் மட்டும் நம் போக்கிமானுக்குச் சீவிச் சிங்காரித்துவிடுவாள். கர்ட் தாத்தாவிடம் காய் கொடுத்தால், அதிலிருந்து அவர் செய்யும் போக்கிமான் பிடிக்கும் பந்து மறுநாள்தான் கிடைக்கும். கடிகாரம் நின்ற கார்ட்ரிட்ஜில் மறுநாள் என்பதே வராது.

சரி, வேலைக்கு வருவோம்.

கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் உள்ளே இருப்பது சிஆர்2025 என்ற மூன்று வோல்ட் நாணய பேட்டரி. இது இரண்டு வேலை செய்கிறது. நம் சேவ், அதாவது ஆட்டத்தின் பதிவு, இருக்கும் 32 கிலோபைட் நினைவகத்தை உயிரோடு வைத்திருக்கிறது. அதோடு எம்பிசி3 என்ற சிப்புக்குள் இருக்கும் கடிகாரத்தையும் இரவும் பகலும் ஓட்டுகிறது. ஆட்டத்தை யாரும் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் முதல் தலைமுறை கார்ட்ரிட்ஜ்கள் இன்னும் சேவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது இவை முன்னதாகவே காலியாகின்றன. பின்னால் வந்த ரூபி, சஃபயர், எமரால்டில் சேவை மின்சாரம் இல்லாமலும் அழியாத ஃப்ளாஷ் நினைவகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவற்றில் பேட்டரி போனாலும் கடிகாரம் மட்டும்தான் நிற்கும், சேவ் போகாது. சில்வரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பேட்டரியைக் கழற்றிய நொடியில் முந்தைய சொந்தக்காரரின் மொத்த ஆட்டமும் அந்த கோல்பாட்டும் அழிந்துவிடும்.

ஆகவே பிரதி எடுப்பதுதான் முதல் வேலை. யூஎஸ்பியில் கணினியோடு இணைக்கும் கார்ட்ரிட்ஜ் ரீடர் என்னிடம் இருக்கிறது. அதில் செருகி, சேவை ஒரு கோப்பாக எடுத்தேன். இன்னொரு முறை எடுத்து இரண்டு கோப்பும் ஒன்றேதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். முனைகளில் அழுக்கு இருந்தால் நடுவில் சில பைட் தவறாக வரும், கோப்பின் அளவு மட்டும் சரியாக இருக்கும். ஒப்பிடாமல் பேட்டரியைக் கழற்றக் கூடாது. அதற்கு முன்பே ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் முனைகளைத் துடைத்திருந்தேன். பஞ்சு கறுப்பாகத்தான் வெளியே வந்தது.

ரீடர் இல்லாதவர்கள் புது பேட்டரியைப் பக்கவாட்டில் இணைத்து, மின்சாரம் அறாமல் பழையதைக் கழற்றுவதுண்டு. கை நடுங்கினால் எல்லாம் போச்சு. சேவ் உங்களுக்கு முக்கியம் என்றால் ரீடர் வைத்திருக்கும் நண்பரைத் தேடுங்கள்.

கார்ட்ரிட்ஜின் பின்பக்கம் கீழே ஒரே ஒரு திருகாணி. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதில் உட்காராது. கேம்பிட் என்று சொல்லும் 3.8 மில்லிமீட்டர் முனை வேண்டும். சூடாக்கிய பிளாஸ்டிக் பேனாவை அழுத்தி அச்சு எடுத்துத் திறக்கும் வழியைச் சிலர் சொல்கிறார்கள். திருகாணியின் தலை கெட்டுப்போனால் பிறகு எதற்கும் வழி இல்லை, முனை விலை அதிகமும் இல்லை. திருகாணியைக் கழற்றியபின் முன் மூடியை லேசாக நகர்த்தினால் கொக்கிகள் விடுபடும். நெம்பித் திறக்க வேண்டாம்.

உள்ளே பச்சை போர்டு. ஆட்டம் இருக்கும் சிப், எம்பிசி3, நினைவகம், பக்கத்தில் சின்ன உருளையாகக் கடிகாரப் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்வது. போலி கார்ட்ரிட்ஜ் சந்தையில் நிறைய ஓடுகிறது என்பதால் போர்டில் நின்டெண்டோ என்று அச்சிட்டிருக்கிறதா, சிப்கள் முறையாக இருக்கின்றனவா என்று இங்கேயே பார்த்துக்கொண்டேன். இது அசல். மல்டிமீட்டரை வைத்தேன். புது சிஆர்2025 மூன்று வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். இது அதற்கு வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது. சேவைப் பிடித்துவைக்க அது போதும், கடிகாரத்தை ஓட்டப் போதாது.

புது பேட்டரிக்கு ரிச்சி தெருவுக்குப் போனேன். சிஆர்2025 எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் உலோகக் கால் பற்றவைத்தது. கேட்டதும் கடைக்காரர், "கால் வெச்சது கேக்கறீங்களா தம்பி, ரெண்டு கடை தள்ளிப் பாருங்க" என்று கையைக் காட்டினார். அங்கே கிடைத்தது. வெறும் பேட்டரியை வாங்கி அதன் மேல் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி சூட்டில் உப்பும், வெடிக்கவும் செய்யும். பழைய கால்களுக்கு நடுவில் புது பேட்டரியைச் செருகி டேப் ஒட்டி விடுவதும் வேண்டாம். பையில் போட்டு எடுத்துச் செல்லும் பொருள் இது. ஒரு குலுங்கலில் தொடர்பு ஒரு கணம் விட்டால் சேவ் காலி.

சால்டரிங் அயர்னை 350 டிகிரிக்கு வைத்தேன். பழைய ஈயம் சீக்கிரம் உருகாது. அதன் மேல் ஃப்ளக்ஸ் தடவி, கொஞ்சம் புது ஈயம் சேர்த்தால் இரண்டும் கலந்து இளகி வரும். ஒரு காலைச் சூடாக்கிக்கொண்டே அந்தப் பக்கத்தை மெல்லத் தூக்க வேண்டும், பிறகு அடுத்த கால். இழுத்தால் போர்டில் இருக்கும் செப்புத் தகடு கூடவே பெயர்ந்து வந்துவிடும். அயர்னை ஒரே இடத்தில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காமல், ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்தேன். பேட்டரி வந்ததும் செப்பு வலைப் பட்டையால் மிச்ச ஈயத்தை உறிஞ்சி எடுத்து, இடத்தை ஆல்கஹாலில் துடைத்தேன்.

போர்டிலேயே கூட்டல், கழித்தல் அச்சிட்டிருக்கும். புது பேட்டரியின் கால்கள் அதே திசையில் வருகின்றனவா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சில பேட்டரிகளில் கால்கள் எதிர்த் திசையில் வளைந்திருக்கும். ஒரு காலை முதலில் ஒட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு அடுத்ததை ஒட்டினேன். ஒட்டிய இடம் வழவழவென்று பளபளப்பாக இருந்தால் நல்ல சால்டர். மங்கலாகச் சொரசொரவென்று இருந்தால் மறுபடி சூடாக்க வேண்டும். மீட்டரில் மூன்று வோல்ட்டுக்கு மேல் நின்றது. மூடியைப் போட்டுத் திருகாணியை முறுக்கினேன். ரீடரில் செருகிப் பழைய சேவை திரும்ப எழுதினேன்.

கேம் பாயில் போட்டுத் தொடரும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும், கடிகாரத்தின் நேரம் தவறாக இருக்கலாம், சரிசெய்யுங்கள் என்ற செய்தி வந்தது. மின்சாரம் அறுந்ததால் கடிகாரம் கலைந்துவிட்டது என்று பொருள். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிழமையையும் நேரத்தையும் வைத்தேன். பெட்டியில் கோல்பாட் பத்திரமாக இருந்தது. மறுநாள் காலை போக்கிகியரைத் திறந்தபோது கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனது. அதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இதற்குள் அக்கா மகள் வந்து சேர்ந்துகொண்டாள். ஸ்லோபோக் கிணற்றுக்குள் முதல் ஜூபாட்டைப் பார்த்ததும் அவள் கேட்டது, "இதுக்குக் கண்ணே இல்லையா மாமா?"

ஜூபாட்டுக்குக் கண் வரையவே இல்லை. ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுப் பறப்பது. பூச்சி பிடிக்கும் வௌவால்கள் செய்வதும் அதுதான், அவற்றுக்குக் கண் உண்டு என்பது மட்டும் வித்தியாசம். கோல்பாட் ஆனால் கண் வருகிறது, வாய் முகத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது. குரோபாட் ஆகும்போது அந்த வாய் சுருங்கி, உடம்பு மெலிந்து, ஊதா நிறம் ஏறி, பறப்பதற்கென்றே பிறந்த பிராணியாகிறது. இருட்டில் பக்கத்தில் வந்தாலும் சத்தம் கேட்காது என்று சில்வருக்கு இணையான கோல்டின் போக்கிடெக்ஸ் சொல்கிறது. மூன்று படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே பிராணி வளர்வது தெளிவாகத் தெரியும். எல்லாப் போக்கிமான் வரிசைகளிலும் அப்படி இல்லை.

அவளுக்குப் பெட்டி கோல்பாட் வேண்டாம், தன் கையால் பிடித்த ஜூபாட் வேண்டும். சரி என்று அதற்கு வேறு வழி காட்டினேன். கோல்டன்ராட்டுக்கு வடக்கே 35ஆம் வழித்தடத்தில் பச்சை ஏப்ரிகார்ன் காய்க்கும் மரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு காய். அதை அசேலியா டவுனில் கர்ட்டிடம் கொடுத்தால் மறுநாள் ஃப்ரெண்ட் பால் என்ற பந்தைத் தருவார். அதில் பிடிக்கும் போக்கிமானின் நட்பு 70இல் தொடங்காமல் 200இல் தொடங்கும். 200க்கு மேல் ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு புள்ளி. ஆறாம் லெவலில் பிடித்த ஜூபாட் 22ஆம் லெவலில் கோல்பாட் ஆகும்போது பதினாறு லெவல், 32 புள்ளி, ஆக 232. எல்லை ஏற்கெனவே தாண்டியாயிற்று. அடுத்த லெவலிலேயே குரோபாட். மயங்கி விழவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும், விழுந்தால் புள்ளி குறையும். அவள் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். 22இல் கோல்பாட், 23இல் குரோபாட் என்று அடுத்தடுத்து மாறியபோது அவள் போட்ட சத்தத்தில் அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

என் கோல்பாட்டுக்கு அந்தச் சுருக்கு வழி கிடையாது. கோல்டன்ராட்டில் ஒரு வீட்டில், முதலில் நிற்கும் போக்கிமான் நம்மிடம் எப்படி இருக்கிறது என்று சொல்லும் பெண் இருக்கிறாள். தொடக்கத்தில் அவள் சொன்னது, இதை இன்னும் நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும், இன்னும் பழகவில்லை என்று. நட்பு 50க்கும் 99க்கும் நடுவில் இருந்தால் வரும் பதில் இது. 200ஐத் தாண்டினால், உன்னை மிகவும் நம்புகிறது என்பாள். அந்தப் பதில்தான் நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

அதை அணியில் முதலில் வைத்து எல்லா இடத்துக்கும் கூட்டிப்போனேன். நடையில் வரும் புள்ளி அணியில் இருக்கும் எல்லோருக்கும் சேரும். நட்பு 100க்குக் கீழே இருக்கும்வரை லெவல் ஏற ஐந்து புள்ளி, 200 வரை மூன்று, பிறகு இரண்டு. கோல்டன்ராட் கடையில் 9,800 கொடுத்து வாங்கும் சத்து மருந்துகளும் அதே அளவு ஏற்றும். ஆகவே அவற்றைத் தொடக்கத்திலேயே கொடுப்பதுதான் லாபம், கடைசியில் கொடுத்தால் பாதிப் பலன்கூட இல்லை. வாரநாட்களில் வேலை முடிந்து வந்ததும் சுரங்கப் பாதையில் அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவரிடம் ஒரு முடிவெட்டு. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு டெய்ஸி வீடு. அதே சுரங்கத்தில் சனி, ஞாயிறு மூலிகை விற்பவரும் இருப்பார். விலை மலிவு, குணமும் உண்டு, ஆனால் கசப்பு. கொடுத்தால் நட்பு சரிந்துவிடும். சேர்த்த எண்ணைக் கெடுக்கும் பொருளையும் அதே பாதையில் வைத்த யோசனையை நான் மிகவும் ரசித்தேன்.

ஞாயிறுகளில் இன்னொரு காரியமும் உண்டு. கோல்டன்ராட் பல்பொருள் அங்காடியின் ஐந்தாம் தளத்தில் ஒரு பெண், முதலில் நிற்கும் போக்கிமானின் நட்பு 150 இருந்தால் தாக்குதல் ஒன்றைக் கற்றுத்தரும் டிஎம்27 என்ற பொருளைத் தருவாள். ரிட்டர்ன் என்ற தாக்குதல். அதன் பலம் நட்பு எண்ணை இரண்டரையால் வகுத்தால் வருவது. 220க்கு 88, முழு 255க்கு 102. இந்தத் தலைமுறையில் குரோபாட்டுக்குத் தானாகக் கிடைக்கும் தாக்குதல்கள் சுமார்தான். விங் அட்டாக்குக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு ரிட்டர்னைவிடப் பொருத்தமான தாக்குதல் இல்லை என்பது என் கருத்து. அன்பால் வளர்ந்த பிராணி அந்த அன்பையே பலமாக எறிகிறது.

டெய்ஸி வீட்டுக்குப் போய் வந்த ஒரு ஞாயிறு மாலை, விக்டரி ரோட்டில் ஒரு சாதாரணச் சண்டையில் லெவல் ஏறியது. இசை மாறியது. மாற்றத்தை நிறுத்தும் பி பட்டனிலிருந்து கட்டை விரலை எடுத்து வைத்தேன். குரோபாட். மறுவேலையாக அதற்கு ஃப்ளை என்ற பறக்கும் தாக்குதலைக் கற்றுக்கொடுத்தேன். கோல்பாட்டால் அந்தத் தலைமுறையில் அதைக் கற்க முடியாது, குரோபாட்டால் முடியும்.

பேட்டரி மாற்றியதன் முழுப் பயனை, சாம்பியன் இருக்கும் இண்டிகோ பிளாட்டோவில்தான் கண்டேன். சிவப்பு முடிக்காரப் பையன் ஒருவன் ஆட்டம் முழுக்க நம்மோடு மோதுவான். ஆய்வகத்தில் போக்கிமான் திருடியவன். பலவீனமானவற்றைத் திட்டுபவன். அசேலியாவில் அவனிடம் ஒரு ஜூபாட் இருக்கும், பிறகு அது கோல்பாட் ஆகும். மவுன்ட் மூனில் சந்திக்கும்போதும் கோல்பாட்தான், 42ஆம் லெவலில். லெவல் இருந்தும் மாறவில்லை. அங்கே தோற்ற பிறகு அவன் திங்களும் புதனும் இண்டிகோ பிளாட்டோவுக்கு வருவான். அப்போது அவனிடம் இருப்பது 48ஆம் லெவல் குரோபாட். அவன் மாறிவிட்டான் என்று யாரும் வசனம் பேசுவதில்லை. கோல்பாட் குரோபாட் ஆக என்ன வேண்டும் என்று தெரிந்தவனுக்கு அது புரியும். கதையை இப்படி விதியின் வழியே சொன்ன ஆட்டம் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. கடிகாரம் நின்ற கார்ட்ரிட்ஜில், அது நின்ற கிழமை திங்களோ புதனோ ஆக இல்லாவிட்டால், இந்தச் சந்திப்பு நடக்கவே நடக்காது.

ஒரு புதன்கிழமை இரவு போனேன், அக்கா மகளும் கூட. என் குரோபாட்டில் ரிட்டர்ன், விங் அட்டாக், பைட், ஃப்ளை. அவனுடைய அலகாசம் மனவலிமைத் தாக்குதலால் குரோபாட் போன்ற விஷ வகையை ஒரே அடியில் வீழ்த்தக்கூடியது. ஆனால் அதன் வேகம் 120. லெவலிலும் என்னுடையது குறைவில்லை, முந்திக்கொண்டு பைட். மேக்னெட்டானுக்கு எதிராக மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டேன், மின்சாரத்தின் முன் பறவையும் வௌவாலும் நிற்க முடியாது. அவன் குரோபாட் வந்தபோது "மாமா, அதை ரிட்டர்னால மட்டும்தான் அடிக்கணும்" என்று அவள் கட்டளை போட்டாள். அப்படியே செய்தேன்.

ஆட்டம் முடிந்ததும் சேவை மறுபடி கணினியில் பிரதி எடுத்து, தேதி போட்டு வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்றிய மாதமும் வருடமும் ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அடுத்து யார் திறந்தாலும் தெரியும். இனி வருடத்துக்கு ஒரு முறை பிரதி எடுப்பது, போக்கிகியர் கடிகாரம் பின்தங்குகிறதா என்று பார்ப்பது, இரண்டும் போதும். மேசையில் அடுத்ததாக ஒரு கிரிஸ்டல் காத்திருக்கிறது. அதிலும் அதே சிஆர்2025தான்.